ஒத்துக்கிச்சு என்று ஒரு சொல்

போன வாரம் வரவேற்பு விருந்தில் உங்களில் ஒருவர், "மேடம், உங்க சர்வீஸ்ல உங்கள ரொம்ப ஆட்டிவச்ச கேஸ் எது?" என்று கேட்டார். ரத்தமும் ஓட்டமும் நிறைந்த ஒரு கதைக்காக எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டது தெரிந்தது. "ஒரு நல்ல ரிசல்ட்" என்றேன். சிரித்தீர்கள். பிரியாணி ஆறிக்கொண்டிருந்ததால் அன்றைக்கு உங்களை விட்டுவிட்டேன். இப்போது தப்பிக்க முடியாது, உட்காருங்கள்.

சிறுநீரக மாற்றுப் பிரிவில் நேற்றுச் சேர்ந்தவர்கள் நீங்கள். நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். பெங்களூரில் அப்போது இந்த வேலையைச் செய்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எங்கள் பிரிவின் தலைவரை எல்லோரும் பெரிய டாக்டர் என்றுதான் சொல்வோம். மைசூர்ப் பக்கத்துக்காரர். பெயரைச் சொன்னால் அவருக்குப் பிடிக்காது, அதனால் சொல்லப்போவதில்லை. கத்தி பிடித்தால் கை அசையாது, வாய் திறந்தால் வார்டே அசையும். தமிழர்கள் நிறைந்த ஸ்ரீராம்புரத்திலிருந்தும் நீலசந்திராவிலிருந்தும் வந்த நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் கற்றுக்கொண்டவர்.

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்குப் போகும் நோயாளியின் கட்டிலருகே அவர் வந்து நிற்பார். அடிவயிற்றில் புதுச் சிறுநீரகம் இருக்கும் இடத்தில் கையை வைத்துப் பார்ப்பார். பிறகு முகமெல்லாம் சிரிப்பாக, "ஒத்துக்கிச்சு!" என்பார். ஊர்த் தண்ணீர் ஒத்துக்கிச்சு, புது அரிசி ஒத்துக்கிச்சு என்று நாம் சொல்வோமே, அதே சொல். அதைக் கேட்டதும் குடும்பமே கையெடுத்துக் கும்பிடும். நர்ஸ்களுக்கும் ஆயாக்களுக்கும் அந்தச் சொல் தொற்றிக்கொண்டது. எங்கள் வார்டில் அது ஆசீர்வாதம் மாதிரி ஆகிவிட்டது.

உண்மையில் உடம்பு எதையும் ஒத்துக்கொண்டிருக்காது. நம் உடம்பில் டி செல் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. சந்தின் முனையில் நின்றுகொண்டு உள்ளே நுழைகிறவர்களை "யாருப்பா நீ, எந்த வீட்டுக்கு?" என்று கேட்கும் ஆட்களை நினைத்துக்கொள்ளுங்கள். பதில் பிடிக்கவில்லை என்றால் தெருவையே கூட்டிவிடுவார்கள். இன்னொருவருடைய சிறுநீரகம் அவர்களுக்கு என்றைக்கும் வெளியாள்தான். நாம் கொடுக்கும் மருந்துகள் அந்தத் தெருவில் எல்லோருடைய வாயையும் கட்டிப்போடுகின்றன. வெளியாள் பிழைத்துக்கொள்கிறான். ஆனால் திருடன் வந்தாலும் கத்த ஆளில்லை, அதனால்தான் நம் நோயாளிகளுக்குச் சின்னச் சளியும் பெரிய வியாதியாகிறது. மருந்தை நிறுத்தினால் கட்டு அவிழ்ந்துவிடும். ஆகவே வாழ்நாள் முழுக்க மருந்து. இதெல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று தலையாட்டுகிறீர்கள். எங்களுக்கும் தெரியும் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ரெஜினா லிங்கராஜபுரத்துப் பெண். வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பவள். அவளுடைய அண்ணன் ஒரு சிறுநீரகம் கொடுத்தார். எல்லாம் நன்றாக நடந்தது. ஒன்றிரண்டு வருஷம் ஒழுங்காக வந்தவள் பிறகு காணாமல் போனாள். வேறு ஆஸ்பத்திரிக்கு மாறியிருப்பாள் என்று நினைத்துக்கொண்டோம். பல வருஷம் கழித்து ஒரு திங்கட்கிழமை, ரத்தக்கொதிப்பு பார்க்க அண்ணனைக் கூட்டிக்கொண்டு என் அறைக்குள் வந்து நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நம் மருந்து சாப்பிடுகிறவர்களின் முகம் உங்களுக்குத் தெரியும்: கன்னம் உப்பி, ஈறு தடித்து, பெண்களுக்கும் மீசை அரும்பி இருக்கும். அந்த மருந்துகளின் வேலை அது. இவளோ கல்யாணப் பெண் மாதிரி பளிச்சென்று இருந்தாள்.

"மாத்திரை மாத்திட்டாங்களா ரெஜினா?"

"இல்ல டாக்டரம்மா. அத விட்டு வருஷக்கணக்காச்சு."

"விட்டுட்டியா? எத?"

"எல்லாத்தையும்தான். மொகத்துல ஆம்பள மாதிரி முடி. ஜாக்கெட்டுக்கு அளவு குடுக்க வர்ற பொம்பளைங்க என் மொகத்தையே பாக்குறாங்க. பெரிய டாக்டரே ஒத்துக்கிச்சுன்னு சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்கு சும்னே மாத்திரைன்னு விட்டுட்டேன்." சும்னே என்றால் கன்னடத்தில் சும்மா.

நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். ஏன் எழுந்தேன் என்று எனக்கே தெரியாது. அங்கேயே ரத்தம் எடுக்கச் சொன்னேன். சிறுநீரகம் பாழாகியிருக்கும், இந்தப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வார்த்தை தேடிக்கொண்டிருந்தேன். ரிசல்ட் வந்தது. கிரியேட்டினின் என்னுடையதைவிட நன்றாக இருந்தது. லேபில் ஆளை மாற்றிவிட்டார்கள் என்று கத்திவிட்டு மறுபடி எடுக்கச் சொன்னேன். மறுபடியும் அதேதான். கெட்ட செய்திக்குத் தயாராக இருந்தவளை நல்ல செய்தி இப்படி ஆட்டிவைக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

பெரிய டாக்டரிடம் காகிதத்தைக் கொண்டுபோய் நீட்டினேன். "ஏன்ரீ, என்ன இது, ஜோக்கா?" என்றார். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகமும் மாறியது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், மறுபடி போட்டார். பிறகு, "இன்னைக்கே மாத்திரை ஸ்டார்ட் பண்ணு" என்றார்.

இங்கேதான் நீங்கள் காது கொடுக்க வேண்டும். விதிப்படி அவர் சொன்னது சரி, ஆனால் எனக்கு வேறொன்று உறுத்தியது. நான் மாணவியாக இருந்தபோது, மற்ற டி செல்களை அடக்கிவைக்கிற ஒருவகை டி செல் உண்டு என்று பாடம் நடத்தினார்கள். கொஞ்ச வருஷத்தில் அப்படி ஒன்றே கிடையாது என்று தூக்கிப் போட்டார்கள். சஸ்பெண்ட் ஆன அதிகாரி வேறு இலாகாவில் பதவி உயர்வோடு வந்து உட்காருவதுபோல, அது ஒழுங்குபடுத்தும் டி செல் என்ற புதுப் பெயரோடு அந்த வருஷங்களில்தான் திரும்பி வந்துகொண்டிருந்தது. தெருவே கூடி நிற்கும்போது, "விடுங்கப்பா, நம்ம ஆளுதான்" என்று சொல்கிற பெரிய மனிதர் ஒருவர் இருப்பாரே, அந்த வேலையைச் செய்யும் செல். ரெஜினாவின் உடம்பில் அப்படி ஒரு கூட்டம் தானாக உருவாகியிருந்தால்? எல்லோர் வாயையும் கட்டுகிற நம் மருந்து அந்தப் பெரிய மனிதரின் வாயையும் சேர்த்துத்தானே கட்டும்? இதை அவரிடமே கேட்டேன்.

"நீ அத கண்ணால பாத்தியா?" என்று கேட்டார் பெரிய டாக்டர்.

"இல்ல சார்."

"பாக்கறதுக்கு டெஸ்ட் இருக்கா?"

"நம்மகிட்ட இல்ல சார்."

"அப்புறம்?"

"மருந்தில்லாம நல்லா இருக்கிற கிட்னிக்கு மருந்து எழுத எனக்குக் கை வரல சார்."

காகிதத்தை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "ஆய்த்து, நீனே நோட்கோ" என்றார். சரி, நீயே பார்த்துக்கொள் என்று அர்த்தம். மருந்து வேண்டாம், ஆனால் அடிக்கடி வந்து ரத்தம் கொடுத்தே ஆக வேண்டும் என்று ரெஜினாவிடம் சொன்னேன். "இத வெளிய யாருகிட்டயும் சொல்லாதம்மா. உனக்கு நடந்தது லட்சத்துல ஒருத்தருக்கு நடக்குறது" என்றும் சொன்னேன். அவள் திருதிருவென்று விழித்தாள். என் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்ச் உண்டு. திங்கட்கிழமை நோயாளிகள், அதிலும் தமிழ் பேசுகிறவர்கள், அதில் வரிசையாக உட்கார்ந்து ஊர்க்கதை உலகக்கதை எல்லாம் பேசுவார்கள். என்னிடம் வருவதற்கு முன்பே அந்த பெஞ்சில் எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் அவள் உள்ளே வந்திருந்தாள்.

அன்று அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் முருகேசன். நீலசந்திராவில் வீடு, சிவாஜிநகரில் மோட்டார் வைண்டிங் வேலை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, தலைமுடி போன்ற செம்புக் கம்பியைச் சுற்றிச் சுற்றி மறுபடி ஓட வைப்பவன். அவனுக்குச் சிறுநீரகம் கொடுத்தது அவனுடைய அம்மா பாக்கியம். நம் மருந்து அவனுக்குக் கை நடுக்கத்தைக் கொடுத்திருந்தது. அந்த நடுக்கத்தோடு அந்தக் கம்பியைச் சுற்ற முடியாது. "மேடம், முதலாளி என்னை பில்லு போடுற வேலைக்கு மாத்திட்டாரு" என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே சொன்னான். மருந்தின் அளவைக் கொஞ்சம் குறைத்துக்கூடப் பார்த்தேன். நடுக்கம் முழுதாகப் போகவில்லை.

பல மாதம் எந்த வித்தியாசமும் இல்லை. வந்தான், ரத்தம் கொடுத்தான், ரத்தத்தில் மருந்தின் அளவு சரியாகவே இருந்தது. கை நடுக்கம் எப்படி என்றால் "பரவால்ல மேடம், பழகிப்போச்சு" என்பான். திடீரென்று ஒரு நாள் காலை பாக்கியம் அவனை ஆட்டோவில் போட்டுக் கொண்டுவந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. காய்ச்சல். சிறுநீரகத்தின் மேல் விரல் வைத்ததும் துடித்தான். முந்தின நாளிலிருந்து சொட்டுச் சொட்டாகத்தான் சிறுநீர் போகிறது என்றார் அம்மா. பார்த்த மாத்திரத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. டி செல்கள் கூட்டமாகச் சிறுநீரகத்துக்குள் இறங்கிவிட்டன.

"மாத்திரை ஒழுங்கா போட்டியா?"

"போட்டேன் மேடம்."

ரத்தத்தில் மருந்தின் சுவடே இல்லை என்று லேப் சொன்னது. காகிதத்தை அவன் முன்னால் வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டான்.

"டெஸ்ட்டுக்கு முன்ன ரெண்டு நாள் மட்டும் போட்டுக்குவேன் மேடம். இந்த தபா டெஸ்ட்டு தேதி வர்றதுக்குள்ள ஒடம்பு காட்டிக் குடுத்துடுச்சு."

இத்தனை மாதமாக நான் பார்த்துத் திருப்திப்பட்ட ரிசல்ட் எல்லாம் அந்த ஓரிரு நாளின் கதை. நீங்கள் கம்ப்யூட்டரில் பச்சை நிறத்தில் எண்ணைப் பார்த்ததும் அடுத்த நோயாளியைக் கூப்பிடுகிறீர்களே, அந்த எண் நேற்றைப் பற்றி மட்டும்தான் பேசுகிறது. ஆளைப் பாருங்கள். கை நடுக்கம் நின்றுபோன ஒருவன் "பழகிப்போச்சு" என்று சொன்னால், ஏன் நின்றது என்று கேளுங்கள்.

"ஏண்டா இப்படிப் பண்ணே?" என்று கத்தினேன். வார்டே திரும்பிப் பார்த்தது.

"ரெஜினா அக்காவுக்கு ஒத்துக்கிச்சு இல்ல மேடம்? எனக்கும் அதே பெரிய டாக்டருதானே ஒத்துக்கிச்சுன்னு சொன்னாரு. விட்டப்புறம் கை நிக்க ஆரம்பிச்சுது. மறுபடியும் வைண்டிங் பண்ணேன் மேடம். பத்து மோட்டார் ஓடுது இப்ப, நான் சுத்துனது."

பாக்கியம் கட்டிலின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தக் காலத்தில் மாத்திரைகளோடு சேர்த்துக் கொடுத்த முக்கிய மருந்து எண்ணெய் மாதிரி இருக்கும், நாற்றமடிக்கும். கண்ணாடி டம்ளரில் பாலில் கலக்கித்தான் குடிக்க வேண்டும். தினமும் காலையும் மாலையும் பாலைக் காய்ச்சி ஆற்றி அவன் கையில் கொடுத்தது அவர்தான், மருந்தை அளந்து கலக்கிக்கொள்வது அவன்.

"குடிச்சானே டாக்டரம்மா. என் கண்ணு முன்னாலதானே குடிச்சான்."

"வெறும் பாலும்மா" என்றான் முருகேசன்.

அந்த அம்மாவின் முகத்தை நான் இன்றுவரை மறக்கவில்லை. அதில் கோபம் இல்லை. யாரோ கன்னத்தில் அறைந்தபின், ஏன் அறைந்தார்கள் என்று புரியாமல் நிற்கிற முகம்.

சிகிச்சையை விவரிக்கப்போவதில்லை, அது உங்கள் புத்தகத்திலேயே இருக்கிறது. முதலில் ஸ்டீராய்டை ஊசியில் கொட்டினோம். கேட்கவில்லை. பிறகு டி செல்களையே கொல்லுகிற ஊசி. அதற்குக் கொஞ்சம் கேட்டது. சிறுநீர் வந்தது. வார்டில் எல்லோரும் சிரித்தார்கள், பாக்கியம் எனக்கு மல்லிகைப்பூ கொண்டுவந்து கொடுத்தார். பிறகு மறுபடி குறைய ஆரம்பித்தது. அதே சமயம் அவனுக்கு இருமல் வந்தது, காய்ச்சல் ஏறியது, நெஞ்சு எக்ஸ்ரேயில் வெள்ளை படர்ந்தது. தெருவில் எல்லோரையும் கொன்றுவிட்டோம், திருடன் உள்ளே வந்துவிட்டான்.

இன்னும் ஒரு சுற்று ஊசி போட்டால் சிறுநீரகம் பிழைக்கலாம், ஆள் போய்விடலாம். நிறுத்தினால் ஆள் பிழைக்கலாம், சிறுநீரகம் நிச்சயம் போய்விடும். பெரிய டாக்டர் அன்று காலை எக்ஸ்ரேயைப் பிடித்துக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார். தான் தைத்து வைத்த சிறுநீரகத்தை விட்டுக்கொடுப்பது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும்.

"அன்னைக்கே அந்த ரெஜினாவுக்கு மாத்திரை குடுத்திருந்தா இவன் நிறுத்தியிருக்க மாட்டான்" என்றார்.

அதைப் பற்றிப் பல நாள் யோசித்திருக்கிறேன். இன்றைக்குக் கேட்டாலும் ரெஜினாவுக்கு நான் மருந்து எழுதியிருக்க மாட்டேன். ஒருவருக்குப் பாடம் சொல்வதற்காக இன்னொருவருக்கு மருந்து கொடுக்க எனக்கு உரிமையில்லை. அன்றைக்கு அதையெல்லாம் சொல்ல நேரமுமில்லை, தெம்புமில்லை.

"அத அப்புறம் பேசிக்கலாம் சார். இப்ப ஊசிய நிறுத்தணும். கிட்னி போகட்டும்" என்றேன்.

அவர் எக்ஸ்ரேயை மேசைமேல் வைத்தார். "நிறுத்து" என்றார். பிறகு, அவரிடமிருந்து நான் எதிர்பார்க்காத ஒன்றைக் கேட்டார். "ஒத்துக்கிச்சுன்னா தமிழ்ல நெஜமா என்னம்மா அர்த்தம்?" சொன்னேன். சேர்ந்துபோனது, சம்மதித்தது, இனி சண்டையில்லை என்று அர்த்தம். "நான் இப்போதைக்கு சும்னே இருக்குன்னு அர்த்தம்னு நெனச்சேன்" என்றார். அன்றிலிருந்து எங்கள் வார்டில் அந்தச் சொல்லை யாரும் சொல்லவில்லை. "மாத்திரை இருக்கிறவரைக்கும் அமைதியா இருக்கும்" என்றுதான் சொன்னோம். நீளமாக இருந்தது, யாரும் கையெடுத்துக் கும்பிடவில்லை, ஆனாலும் பரவாயில்லை.

ரெஜினா என்ன ஆனாள் என்று கேட்பீர்கள். முருகேசன் விஷயம் காதில் விழுந்ததும் அழுதுகொண்டு ஓடிவந்தாள். "எனக்கும் மாத்திரை குடுங்க டாக்டரம்மா, என்னாலதானே" என்றாள். உன் சிறுநீரகம் கேட்கட்டும், அப்போது தருகிறேன் என்று திருப்பி அனுப்பினேன். எனக்குத் தெரிந்தவரை அது கேட்கவே இல்லை. ஏன் அவளுக்கு நடந்தது, ஏன் மற்றவர்களுக்கு நடக்கவில்லை என்று எனக்கு இன்றும் தெரியாது. அந்தப் பெரிய மனிதர் செல்களைத் தனியாகப் பிரித்து, வளர்த்து, ஊசியில் திருப்பிக் கொடுக்கலாம் என்று இப்போது நீங்கள் பேசுவதைக் கேட்கும்போது பொறாமையாக இருக்கிறது.

முருகேசன் பிழைத்துக்கொண்டான். காய்ச்சல் இறங்கி, மூச்சு சீராகி, மறுபடி டயாலிசிஸ் தொடங்கியது. சிறுநீரகம் இனி இல்லை என்று பாக்கியத்திடம் சொல்லும் வேலை என்னுடையது. அவன் கட்டிலருகிலேயே சொன்னேன். அந்த அம்மா தன் இடுப்பில், ஆபரேஷன் தழும்பு இருக்கும் இடத்தில், கையை வைத்துக்கொண்டார். அழவில்லை.

"டாக்டரம்மா, ஒண்ணு கேக்கட்டா? இவன் பத்து மாசம் என் வயித்துல இருந்தான். இவனும் பாதி அவங்கப்பாதானே, என் ஒடம்புக்கு வெளியாளுதானே? என் ஒடம்பு இவன ஒண்ணும் பண்ணலியே. என் சதை துளியூண்டு இவனுக்குள்ள இருந்ததுக்கு இவன் ஒடம்பு ஏன் இப்படி அடிச்சு வெரட்டுது?"

பெரிய பெரிய ஆராய்ச்சிக்கூடங்களில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி அது. கருவைத் தாயின் டி செல்கள் ஏன் விட்டுவைக்கின்றன என்பது தெரிந்தால் நம் தொழிலே மாறிவிடும். "தெரியலம்மா" என்றேன்.

முருகேசன் கையை நீட்டி அம்மாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தான். அந்தக் கை துளியும் நடுங்கவில்லை.

"நீ பொறுத்துக்கினம்மா. எனக்குத்தான் பொறுக்கல" என்றான்.